சுவருக்கு எந்தக் கலர், மனசுக்கு எந்தக் கலர்: பெயிண்ட் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. முன்பெல்லாம் "லிட்டர் என்ன விலை, எத்தனை வருஷம் தாங்கும்" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது மொபைலில் எதையாவது படித்துவிட்டு வந்து, "இந்தக் கலர் அடிச்சா டென்ஷன் குறையுமாமே" என்று ஆரம்பிக்கிறார்கள். ஐப்பசியில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் தினமும் இதே பேச்சு. ஆளாளுக்குச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. அண்ணே, சுவத்துக் கலர் நெஜமாவே மனசை மாத்துமா? இல்ல பெயிண்ட் கம்பெனிக்காரங்க கட்டிவிட்ட கதையா?

கொஞ்சம் மாற்றும். இருட்டடித்த அறையில் உட்கார்ந்தால் சோர்வு, வெளிச்சமான அறையில் ஒரு தெம்பு. இது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இன்ன கலர் அடித்தால் இன்ன குணம் வரும் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதித் தருகிறார்களே, அதில் பாதிக்கு மேல் கதை. பெயிண்ட் விற்கிற நானே சொல்கிறேன்.

என் கணக்கில் முதலில் வருவது வெளிச்சம். அடுத்தது, கலர் எவ்வளவு அழுத்தம் என்பது. அதற்கும் அடுத்து, அந்தக் கலரோடு உங்களுக்கு இருக்கும் பழைய உறவு. நீலமா பச்சையா என்ற கேள்விக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

2. நீலம்னா அமைதி, சிவப்புன்னா கோபம், மஞ்சள்னா சந்தோஷம்னு போட்டிருக்கானே. அப்ப அதெல்லாம் பொய்யா?

எந்த நீலம் என்று திருப்பிக் கேட்பேன். ஆனந்தா நீலமும் நீலம்தான், எம்.எஸ். புளூவும் நீலம்தான். வெங்காயத்தோல் கலரும் சிவப்பு வீட்டுப் பிள்ளை, அரக்கும் அதே வீட்டுப் பிள்ளை. ஆனால் வெங்காயத்தோல் அடித்த அறையில் தூங்கலாம். நாலு பக்கமும் அரக்கு அடித்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாரோ நெருக்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

1994-இல் அமெரிக்காவில் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனசை அதிகம் அசைப்பது கலரின் பெயர் இல்லை, அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அழுத்தம் என்பதே என்று தெரிந்தது. வெளிறிய கலர் இதமாக இருக்கிறது, அடர்ந்த கலர் உசுப்பிவிடுகிறது. புடவைக் கடையில் நம் பெண்கள் கலரைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் துல்லியம் ஷேட் கார்டில்கூட இல்லை. மயில்கழுத்து, பாக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ என்று சொல்லிக் கேட்டால் எனக்குச் சட்டென்று புரிந்துவிடும். "புளூ காட்டுங்க" என்றால்தான் திண்டாட்டம்.

3. கார்டுல பாத்த கலர் ஒண்ணு, சுவத்துல வந்தது ஒண்ணு. மிஷின்ல தப்பாக் கலந்துட்டீங்களா?

சண்டைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது இதைத்தான். மிஷின் சரியாகத்தான் கலந்திருக்கும். ஒரு அம்மா மயில்கழுத்து ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து, இதே கலர் வேண்டும் என்றார். கடை டியூப் லைட்டில் டப்பாவைத் திறந்து துணியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றே. தெருவெயிலுக்குக் கொண்டுபோனோம். துணி பச்சைக்குப் போய்விட்டது, பெயிண்ட் நீலத்திலேயே நின்றது. துணிக்கு ஏற்றுகிற சாயம் வேறு, பெயிண்டில் விழுகிற நிறமி வேறு. ஒரு வெளிச்சத்தில் பொருந்துவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

இன்னொரு காரணம் அளவு. கார்டில் இருப்பது தபால்தலை அகலம். அதையே நாலு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு, மறுபடி இங்கே வந்து, கலர் மேல் கலராக ஏறிவிடும். அதனால் கார்டில் பிடித்ததற்கு ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுங்கள்.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் சேரும். பாரிஸில் கோப்லான் அரச நெசவுக்கூடத்தில் கருப்பு நூல் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் ஆராய்ந்தார். சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கருப்பை அப்படிக் காட்டின. இதிலிருந்து கிளம்பி 1839-இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். மெரூன் சோபாவுக்குப் பின்னால் சந்தனச் சுவர் பச்சை தட்டித் தெரிகிறது என்று யாராவது வந்தால் எனக்கு அவர் ஞாபகம்தான்.

சோதிக்க வேண்டுமா? இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். காலை எட்டு மணிக்கு, மத்தியானம், ராத்திரி விளக்குப் போட்ட பிறகு என்று மூன்று வேளை பாருங்கள். சுவரிலேயே அடித்துப் பார்க்காதீர்கள், பழைய கலர் பக்கத்தில் நின்று ஏமாற்றும்.

4. அப்ப கலரை விட லைட்டுதான் முக்கியம்னு சொல்றீங்களா?

ஆமாம். பல்பு டப்பாவில் 6500 கே (கே என்றால் கெல்வின், வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் அளவு) என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். 2700, 3000 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம். 4000 நடுவில் நிற்கும். சந்தன கலர் அடித்துவிட்டு 6500-ஐப் போட்டால் சுவர் வெளிறிச் சாம்பல் தட்டும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பல்பை மாற்றினால் அதே சுவர் உயிர் பெறும். டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். கலரை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதன் அளவு அது. 80-க்குக் கீழே வாங்காதீர்கள், 90 கிடைத்தால் நல்லது.

ஸ்வீடன், பிரிட்டன், அர்ஜென்டினா, சவூதி அரேபியா என்று நாலு நாட்டில் வேலை செய்யும் 988 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. வெளிச்சம் போதவில்லை என்று சொன்னவர்களுக்குத்தான் மனநிலை மிகவும் கீழே இருந்தது. சரியான அளவில் மேலே ஏறி, கண் கூசும் அளவுக்குப் போனதும் மறுபடி இறங்கியது. கலர் நிறைந்த இடத்தில் இருந்தவர்களுக்கு மனநிலை கொஞ்சம் மேல் என்பதும் அதில் உண்டு. எந்தக் கலர் என்று கேட்டால் அதில் பதில் இல்லை.

5. பெட்ரூமுக்கு நீலம் அடிச்சா தூக்கம் வரும்ங்கறாங்க. மொபைல்ல வர்ற நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும்னும் அவங்களே சொல்றாங்க. எது சரி?

நியாயமான குழப்பம். இரண்டும் வேறு நீலம். கண்ணின் பின்திரையில் சில செல்கள் உருவத்தைப் பார்ப்பதே இல்லை, பகலா இரவா என்று உடம்புக்குச் சேதி சொல்வதுதான் அவற்றின் வேலை. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல வெளிச்சம் பட்டால் "இன்னும் பகல்" என்று சொல்லிவிடும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதும் தள்ளிப்போகும். இது விளக்கும் திரையும் செய்கிற வேலை. சுவர் தானாக வெளிச்சம் விடுவதில்லை.

விளக்கை அணைத்துவிட்டால் எல்லாச் சுவரும் ஒரே கலர்தான். ஆகவே நீலம் பிடித்தால் வெளிர்நீலம் அடியுங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம். படுக்கையறையில் 6500 பல்பைக் கழற்றுவது பெயிண்டை விட அதிகம் உதவும்.

6. ரூம் பத்துக்குப் பத்து. வெள்ளை அடிச்சாப் பெருசாத் தெரியுமா?

ஜன்னல் இருந்தால் தெரியும். சில கம்பெனிகளின் கார்டில் ஷேடுக்குப் பின்னால் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பட்ட வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பது அது. நல்ல வெள்ளை எண்பதைத் தாண்டும், அரக்கும் கருநீலமும் பத்தை ஒட்டி நிற்கும். திருப்பிவிட வெளிச்சமே இல்லாத அறையில் வெள்ளை என்ன செய்யும்? அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அப்படிப்பட்ட அறைக்கு வெளிர்மஞ்சளோ வெங்காயத்தோலோ மேல்.

சின்ன அறை பெரிதாகத் தெரிய இன்னொரு வழி, சுவரும் மேல்தளமும் ஒரே கலர். ஓரக்கோடு மறைந்தால் கண் எங்கும் முட்டிக்கொள்ளாது. இரும்பு பீரோவையும் கட்டிலையும் போட்ட பிறகு எந்தச் சுவர் வெளியே தெரியப்போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கட்டில் தலைமாட்டில் மட்டும் மேட் வெள்ளை வேண்டாம். எண்ணெய்த்தலை சாயும் இடத்தில் ஆறு மாதத்தில் பிறை மாதிரி ஒரு கறை விழும், எந்த மனநிலையையும் கெடுக்க அது ஒன்றே போதும்.

7. மேற்குப் பாத்த ரூம், சாயங்காலம் அனலாக் கொதிக்குது. கூல் கலர் அடிச்சா சூடு குறையுமா?

உள்ளே அடிப்பதால் குறையாது. நீலமும் பச்சையும் அறையைச் சற்றுக் குளுமையாக நினைக்கவைக்கும் என்ற பேச்சு உண்டு. அப்படியே இருந்தாலும் தஞ்சாவூர் மே மாதத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? வெளிச்சுவருக்கும் மொட்டைமாடிக்கும் வெள்ளை அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், அதுதான் நிஜமான குளுமை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் "வடக்குப் பார்த்த அறைக்கு நேர்வெயில் வராது, அதனால் மஞ்சள் அடியுங்கள்" என்று போட்டிருக்கும். அது லண்டனுக்குச் சரி. நமக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நாலாம் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். எந்தத் திசை என்று படிப்பதை விட, உங்கள் அறையில் எப்போது வெயில் விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

8. ஜெயில்ல ரோஸ் கலர் அடிச்சா கைதிங்க அடங்கிடறாங்களாமே! எங்க பையனுக்கு ரொம்ப முரட்டுத்தனம், அவன் ரூமுக்கு அடிக்கலாமா?

இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் ஷாஸ் என்பவர் ஒரு குறிப்பிட்ட ரோஸ், ஆளைத் தளர்த்திவிடும் என்று நம்பினார். 1979-இல் சியாட்டிலில் இருந்த கடற்படைச் சிறையில் ஒரு அறைக்கு அதை அடித்தார்கள். அங்கே அதிகாரிகளாக இருந்த பேக்கர், மில்லர் இருவரின் பெயரில் அதற்கு பேக்கர் மில்லர் பிங்க் என்று பெயர். கலவை சுலபம். எட்டுப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு, நானே கலந்து தருவேன். அடுத்த 156 நாளில் அந்த அறையில் அடைக்கப்பட்டவர்கள் யாரும் கலாட்டா செய்யவில்லை என்று அறிக்கை வந்தது. அவ்வளவுதான், பல ஊர்ச் சிறைகள் ரோஸுக்கு மாறின. அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை, எதிரணி உடை மாற்றும் அறைக்கே ரோஸ் அடிக்கச் சொன்னார்.

பிறகு முறையாகச் சோதித்துப் பார்த்தபோது சாயம் வெளுத்தது. ஸ்விட்சர்லாந்துச் சிறையில் ரோஸ் அறையில் சிலரையும் வெள்ளை அறையில் சிலரையும் வைத்து ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். ஆவேசத்தில் வித்தியாசம் இல்லை. என் சந்தேகம் வேறு. புதிதாகப் பெயிண்ட் அடித்து, "இவர்கள் அடங்கிவிடுவார்கள்" என்று நினைத்துக்கொண்டே கவனிக்கும் காவலர்களின் பேச்சும் நடத்தையும் மாறியிருக்காதா?

பையன் ரூமுக்கு என்ன கலர் என்று பையனையே கேளுங்கள். முதலில் அவன் கேட்கும் கலர் உங்களுக்குப் பிடிக்காது. ஒரு சுவருக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள்.

9. ஆஸ்பத்திரியில எதுக்குப் பச்சை? மனசுக்கு நல்லதுன்னுதானே? அப்ப வீட்டுக்கும் நல்லதுதானே?

அறுவை அறைக்குப் பச்சை வந்தது கண்ணுக்காக. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவர் கூசுகிறது, ரத்தத்தையே உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கண் தடுமாறுகிறது என்று கீரைப் பச்சை அடித்தார். நீங்களும் பார்க்கலாம். குங்குமச் சிமிழை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள், பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிழல் மிதக்கும். சுவரே பச்சையாக இருந்தால் அந்த நிழல் அதில் கரைந்துவிடும்.

வீட்டில் பச்சை தாராளமாக அடிக்கலாம், முகம் பார்க்கும் இடத்தை விட்டு. ஒரு வீட்டில் கண்ணாடிக்கு எதிர்ச்சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தார்கள். வெயில் நேரத்தில் அந்தப் பச்சை கன்னத்திலும் கழுத்திலும் ஏறிவிடும். விருந்தாளிகள் வந்து "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான பெண். அடுத்த வாரமே அந்தச் சுவரைச் சந்தனத்துக்கு மாற்றினோம்.

10. கிச்சனுக்குச் சிவப்பு அடிச்சாப் பசி எடுக்குமாமே? வாஸ்துவிலயும் அக்னி மூலைக்குச் சிவப்புன்னுதான் சொல்றாங்க.

பசி எடுக்கத் தாளிக்கிற வாசனை போதும். சிவப்புக் கதைக்கு நேர்மாறாகக்கூட ஒரு சோதனை உண்டு. 2012-இல் வெளிவந்தது. சிவப்புத் தட்டில் நொறுக்குத்தீனி வைத்தபோது மற்றத் தட்டுகளை விடக் குறைவாகவே எடுத்துச் சாப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எட்டாம் கேள்வியில் வந்த ரோஸ் ஜெயிலைச் சோதித்த குழுவில் இருந்தவரே இதையும் செய்தவர்.

வாஸ்துவில் வாதம் செய்ய மாட்டேன். சாஸ்திரப்படி செய்யவில்லையே என்று மாமியாரோ நீங்களோ தினமும் நெருடிக்கொண்டிருந்தால் அந்த நெருடல்தான் பெரிய மனநிலைப் பாதிப்பு. அடுப்புக்குப் பின்னால் இரண்டு வரிசை டைல்ஸ் செங்கல் கலரில் போட்டுவிட்டு மீதியை வெளிறிய கலரில் விடுங்கள். வாஸ்துவும் நின்றது, அரிசியில் கல் பார்க்க வெளிச்சமும் கிடைத்தது.

11. வீடு பூரா வெள்ளை கேக்கறா மருமக. பையனுக்கு கிரே. எனக்கு ரெண்டுமே ஒப்பல. நான் பழைய ஆளா?

இல்லம்மா. முதல் பதிலில் பழைய உறவு என்று சொன்னது இதைத்தான். வெள்ளை என்றால் சமாதானம், சுத்தம் என்று புத்தகத்தில் இருக்கும். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா என் கடைக்கு வந்து, கார்டைத் திறக்கும் முன்பே "வெள்ளை மட்டும் வேணாம் தம்பி" என்றார். அவருடைய அம்மா நாற்பது வருடம் வெள்ளைப் புடவையில் இருந்தவராம். மாதா கோயிலில் வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட இன்னொருவருக்கு அதே வெள்ளை சந்தோஷம். ஷேட் ஒன்று, எண் ஒன்று. மனசில் விழுவது வேறு.

மஞ்சளும் அப்படித்தான். நமக்கு மங்கலம், கல்யாணப் பத்திரிகை ஓரம். வெளிநாட்டுக் குறிப்பில் மஞ்சள் அறையில் எரிச்சல் வரும் என்று போட்டிருந்தால் அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்கு: கூடத்துக்கு மஞ்சள் சாயல் தட்டிய வெள்ளை, பையன் அறைக்குப் பழுப்பு கலந்த கிரே, பூஜையறையும் உங்கள் அறையும் உங்கள் இஷ்டம். மூன்று பேரும் ஒரே கலரில் ஒத்துப்போன வீட்டை இதுவரை பார்த்ததில்லை.

12. அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. அவங்க ரூமுக்கு எது மனசுக்கு இதமா இருக்கும்?

இதத்தை விடப் பத்திரத்தை முதலில் பாருங்கள். வயதாக ஆகக் கண் வில்லை மஞ்சளாகும், வெளிச்சம் குறைவாகவே உள்ளே போகும். நீலத்துக்கும் பச்சைக்கும், கருநீலத்துக்கும் கருப்புக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. எல்லாமே ஒரே வெளிர் கலரில் இருந்தால் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே புரியாது. பாத்ரூம் வாசற்படி ஓரத்தில் அழுத்தமான கலரில் ஒரு பட்டை, சுவர் கலரிலிருந்து எடுப்பாகத் தெரியும் சுவிட்ச் பலகை, வெள்ளைச் சுவரில் வெள்ளையாக இல்லாத கைப்பிடி. ராத்திரி மூன்று மணிக்குத் தடுமாறாமல் எழுந்து போய்வந்தால் அம்மாவுக்கு அதுவே நிம்மதி.

13. பிள்ளைங்க படிக்கிற இடத்துக்கு?

2009-இல் கனடாவில் ஒரு ஆய்வு வந்தது. கணினித் திரையின் பின்னணி சிவப்பாக இருந்தபோது பிழை பார்க்கும் வேலையும், நீலமாக இருந்தபோது கற்பனை வேலையும் நன்றாக வந்தன என்றார்கள். அது திரை, சில நிமிடச் சோதனை. அதை வைத்துக்கொண்டு பிளஸ் டூ பிள்ளைக்குச் சுவர் அடிக்க முடியாது. மேசைக்கு நேர் எதிரே பளிச்சென்ற கலரோ பூவேலையோ வேண்டாம், விளக்கு நன்றாக இருக்கட்டும். போதும்.

14. வாடகை வீடு. ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனர் விடமாட்டார். எங்களுக்கு என்ன வழி?

திரைச்சீலை, படுக்கை விரிப்பு, பல்பு. கண் அதிகம் மேய்வது இவற்றில்தான். நாலாம் பதிலைப் பாருங்கள். எனக்கு வியாபாரம் இல்லை, பரவாயில்லை.

15. ஆசைப்பட்டு ஹால் முழுக்க அரக்கு அடிச்சாச்சு. இப்பப் பாத்தா மூச்சு முட்டுது. பழகிடுமா, இல்ல மாத்தணுமா?

கண் பழகும். உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் கலரின் வீரியம் குறைந்துவிடும், சில வாரத்தில் சுவரையே மறந்துவிடுவீர்கள். இருட்டுதான் பழகாது. அரக்கு வெளிச்சத்தை விழுங்குகிறது என்று ஆறாம் பதிலில் சொன்னேனே, மூச்சு முட்டுவது பெரும்பாலும் அதனால்தான். ஆகவே ஒரு மாதம் பொறுங்கள். மேல்தளம் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். சோபாவுக்குப் பின்னால் ஒரு சுவரை மட்டும் அரக்கில் விட்டு மற்ற மூன்றை மாற்றினால் செலவும் குறையும், ஆசையும் நிற்கும்.

மாற்றுவதானால் நேரடியாகச் சந்தனத்தை மேலே அடிக்கச் சொல்லாதீர்கள். அடியில் இருக்கும் சிவப்பு எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும். முதலில் வெள்ளை பிரைமர், பிறகு இரண்டு கோட், சில இடத்தில் மூன்று. போன மாசி மாதம் ஒருவர் இதே புகாரோடு வந்தார். முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பினேன். அவர் திரும்பி வரவேயில்லை. பல்பு நான் விற்பதில்லை, எதிர்க்கடையில் கிடைக்கும்.